பீமன், இடும்பி மற்றும் ஒரு பி.காம்!

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் பேரேடு விரிந்துவிடும். வியாதிதான், ஒத்துக்கொள்கிறேன்.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருந்த நண்பனுக்கு மாற்றல் வந்தது. "மாப்ளே, என் முயல் ஜோடியை நீ வச்சுக்கடா" என்றான். போய்ப் பார்த்தேன். முயலா அது? காது மட்டும் இல்லையென்றால் ஆட்டுக்குட்டி! வொயிட் ஜெயன்ட் என்று ஜாதி. ஆளுக்கு நாலரை கிலோ. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறதே, அங்கே வளர்க்கிற இனம். குளிருக்கு வாழ்க்கைப்பட்ட அதைத்தான் கடலூர் வெயிலுக்குக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். பெயர், பீமன், இடும்பி.

பஸ்ஸிலேயே கணக்குப் போட்டாயிற்று. (கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்த கோபம் வேறு!) சினைக்காலம் 31 நாள். ஈற்றுக்கு ஆறு குட்டி. வருஷத்துக்கு ஐந்து ஈற்று. பி.முட்லூர் தாண்டும்போது முப்பது முயல். ஆலப்பாக்கம் வரும்போது நான் லட்சாதிபதி.

இப்படிக் கணக்குப் போட்டது நான் மட்டுமில்லை. ஜெர்மனியில் கார்ல் ஸ்மோலின்ஸ்கி என்பவர் வளர்த்த ராட்சத முயல் ஒன்று பத்தரை கிலோ! சாப்பாட்டுப் பஞ்சத்துக்கு இதுதான் மருந்து என்று 2006-07 வாக்கில் வட கொரியா அவரிடம் 12 முயல்கள் வாங்கியது. வளர்ப்புமுறை சொல்லித்தர அவர் போகவிருந்த பயணம் கடைசியில் ரத்து. முயல்களைச் சாப்பிட்டே விட்டார்களோ என்று அவருக்குச் சந்தேகம். இல்லவே இல்லை என்று அவர்கள் மறுத்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன். ஒருநாள் இடும்பி தன் அடிவயிற்று முடியைத் தானே பிடுங்கி, பெட்டியில் மெத்தை போட்டது. மறுநாள் காலை ஏழு குட்டிகள். சிவப்பாக, முடியே இல்லாமல், கண் திறக்காமல்.

மணிக்கொரு தரம் ஸ்டாக் எடுத்தேன். தாய் பெட்டிப் பக்கமே போகவில்லை. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காதா?

"டேய், அதச் சும்மா வுடுடா" என்றார் அம்மா. விட்டேனா? இங்க் ஃபில்லரில் பசும்பால் எடுத்து இரண்டு குட்டிகளுக்குப் புகட்டினேன். முதல் குட்டி தும்மியது. மூக்கு வழியாகப் பால் வந்தது. சாயங்காலம் உடம்பு சில்லிட்டுவிட்டது. இரண்டாவது, மறுநாள் விடிவதற்குள்.

சிதம்பரத்தில் ரிட்டயரான கால்நடை டாக்டர் ஒருவரைத் தேடிப் போனேன்.

"தம்பி, பால் மூச்சுக்குழாய்ல போயிருக்கு. முயல் நாள் பூரா குட்டிகிட்ட உக்காராது. உக்காந்தா நரிக்கும் பாம்புக்கும் விலாசம் குடுத்த மாதிரி. ராத்திரி ஒரு தடவை வரும், நாலு நிமிஷம், அவ்வளவுதான். குட்டிங்க வயிறு உருண்டையா இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"அப்புறம் எதுக்குப் பால் ஊத்துனீங்க?"

என்ன சொல்ல? அன்று ராத்திரி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு இடும்பி பெட்டிக்குள் குதித்தது. வாட்ச்சைப் பார்த்தேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டது. மீதி ஐந்தும் பிழைத்தன.

அப்புறம் வந்தது கத்திரி. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. காது வழியாகத்தான் சூடு இறங்கவேண்டும். 35 டிகிரி தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கடலூரில் கத்திரி அதற்கு மேலேயும் போகும்! கூண்டைச் சுற்றி ஈரச் சாக்கு, உள்ளே ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டில். "ஃப்ரிட்ஜுல மாவு வைக்க எடமில்ல" என்று மனைவி சண்டை. பீமன் பாட்டில்மேல் சாய்ந்து, கண்ணை மூடிக்கொள்ளும். வெயிலில் ஆண் முயலுக்குக் கொஞ்ச காலம் இனவிருத்தி சக்தியும் குறைந்துவிடுமாம். வருஷத்துக்கு ஐந்து ஈற்றா? அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். கூண்டைப் பார்த்தார்.

"சார், கிலோ என்ன வெல?"

"விக்கறதுக்கு இல்லீங்க."

"அப்ப எதுக்கு சார் வளக்கறீங்க?"

இதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "என்னங்க, பீமனுக்குப் பாட்டில் மாத்தணும்!"

போய் மாற்றினேன்.