மூச்சும் முகத்துவாரமும்

உயிர்வாழ்தல் என்றதும் நம் மனம் பெறுவனவற்றையே எண்ணுகிறது: காற்று, நீர், உணவு. வெளியேற்ற வேண்டியவற்றை எண்ணுவது அரிது. மனிதரை ஏற்றிச்செல்லும் விண்கலங்களின் உயிர்காப்பு அமைப்பைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் வினவுகிறார்கள். என் மாணவர்களில் சிலர் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள் என்பதே என் விடை. அவ்வேரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே கிடக்கும் மணல்தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் எழுந்தது. இந்தியரைச் சுமக்கவிருக்கும் ககன்யானும் அங்கிருந்தே புறப்படும்.

மூவரை, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மூன்று நாட்கள் வாழவைப்பது ககன்யானின் திட்டம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதைக் கலன்களில் அடைத்துக் கொண்டுபோய்விடலாம். அவர் வெளிவிடும் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமிலவாயுவை என்ன செய்வது என்பதே பெரிய வினா. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 கலம் பழுதானபோது மூவரும் நிலவிறங்கு கலத்தில் ஒதுங்கினர். அங்கே ஆக்சிஜன் போதிய அளவு இருந்தது. இருவருக்கென அமைந்த அக்கலத்தின் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகளால்தான் மூவரின் மூச்சை உறிஞ்சித் தீர்க்க இயலவில்லை. தாய்க்கலத்தின் சதுரப் பெட்டிகளைப் பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டுநாடா கொண்டு அங்கே பொருத்திய பிறகே பிழைத்தார்கள். அவர்களைக் கொல்லவிருந்தது அவர்களின் சொந்த மூச்சு.

எடையற்ற வெளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே வெப்பக்காற்று மேலெழுவதில்லை. உறங்குகிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கிநிற்கும். ஆகவே விசிறிகள் ஓயாமல் சுழன்று காற்றை நகர்த்த வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் அனைத்தையும் தூய்மைசெய்து மீண்டும் பருகுகிறார்கள். 2023இல் நீரில் 98 விழுக்காட்டை மீட்கும் நிலையை எட்டினர். இத்தகைய அமைப்பை வெளிநாடுகள் தர முன்வராததால் நாமே வடிவமைக்கிறோம் என்று இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சோமநாத் கூறியிருக்கிறார்.

வகுப்பில் நெய்தல் திணை நடத்துகையில் பேச்சு இப்பக்கம் திரும்பியது. தேங்கிய மூச்சைப் பற்றி நான் சொன்னதும் குப்பத்து மாணவன் ஒருவன், "முகத்துவாரம் அடைச்சுக்கிட்டா எங்க ஏரியும் அப்படித்தாங்க ஐயா" என்றான். அதற்கு மேல் அவன் விளக்கவில்லை. விளக்கத் தேவையுமில்லை.

ஆரணியாறும் காளங்கியும் கொணரும் நன்னீர் ஏரிக்குள் வரும்; கடல்நீர் முகத்துவாரம் வழியே ஏறி இறங்கும். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அவ்வழியே உள்ளே புகுந்து வளர்ந்து, இனம்பெருக்கக் கடலுக்கே திரும்பும். ஆற்றுநீர் குறைந்த காலத்தில் கடலோர நீரோட்டம் கொணரும் மணல் அவ்வாயை அடைக்கிறது. வெயிலில் நீர் வற்றி உப்பேறுகிறது. இறால் வரத்து நிற்கிறது. படகும் கடலுக்குப் போக வழியில்லை. ஏரியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறையை மீனவர்கள் தலைமுறைகளாகப் பேணுகிறார்கள். ஒரு கலத்துக்குள் இருப்பதை அளந்து பகிர்வது அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் பங்கிடுவதற்கு ஏரி உயிரோடிருக்க வேண்டுமே.

1971 ஜூனில் சோயுஸ் 11 பூமிக்குத் திரும்புகையில், திறக்கக்கூடாத உயரத்தில் ஒரு வால்வு திறந்து மூவர் மாண்டனர். இங்கே திறந்திருக்க வேண்டிய வாய் மூடிக்கொள்கிறது. ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகாதீர்கள் என்று இக்குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். அவர்களும் கரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பார்கள். மேலே செல்லும் மூவரின் மூச்சுக்காக ஒவ்வொரு கிராமையும் கணக்கிடும் தேசம், கீழே இருக்கும் ஆயிரமாயிரம் பேரின் ஏரிக்கும் அதே கணக்கைப் போட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. உயிர்காப்பு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்க முடியாது.