சந்தம் மறக்கவில்லை

பக்கவாதம் அப்பாவின் வலக்கையையும் வலக்காலையும் முடக்கியதைவிட, பேச்சைப் பறித்துக்கொண்டதுதான் எங்களை உலுக்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். 'தண்ணீர்' என்ற சொல் அவருக்கு அகப்படவில்லை. "அது... அது..." என்பதோடு நின்றுவிடும். நாங்கள் பேசுவது முழுவதும் அவருக்குப் புரிந்தது. கொடுமை அங்கேதான் இருந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் வந்த முதல் கார்த்திகைக்கு அம்மா வழக்கம்போல் விளக்கேற்றித் திருப்புகழ் பாடினார். இரண்டாம் அடியில் பின்னாலிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. அப்பா பாடிக்கொண்டிருந்தார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பாடல் முடிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க, தண்ணி வேணுமா?" என்றார். அப்பா வாய் திறந்தார். "அது... அது..."

இது புதுமையன்று என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களை மட்டும் பாடியதை ஸ்வீடனில் டாலின் என்பவர் 1745-இலேயே எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம். பாட்டுக்கு வலப்பக்கமும் துணை நிற்கிறது. இதை அடிப்படையாகக் கொண்டு 1973-இல் போஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் ஒரு பயிற்சி முறையை முன்வைத்தார்கள். சிறு தொடர்களை மேலும் கீழுமாக இரண்டு சுரங்களில் இழுத்துப் பாடவேண்டும். அசைக்கு ஒரு தட்டு வீதம் இடக்கையால் தட்டவேண்டும். பாட்டிலிருந்து மெல்லப் பேச்சுக்கு இறங்கிவிடலாம் என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை நாங்கள் இறுகப் பற்றிக்கொண்டோம். பயிற்சி அளிக்க வந்த பெண்மணி நாளுக்கு அரைமணி நேரம் போதும் என்றார். பிள்ளைகள் மூவரும் அதைக் காலை, மதியம், மாலை என்று ஆக்கினோம். நோட்டுப் புத்தகம் போட்டுச் சொற்களை எண்ணினோம். பார்க்க வருகிறவர்கள் முன்னால் "ஒரு பாட்டுப் பாடுங்கப்பா" என்று கேட்டோம். ஒருநாள் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று வாரம் பாட்டும் இல்லை.

"அவர் உங்களுக்குப் பரீட்சை எழுதவா பாடுறார்? விட்டுடுங்க" என்றார் அம்மா. நோட்டைப் பரண்மேல் போட்டோம்.

பின்னொரு மதியம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்தபடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கட்டில் சட்டத்தில் இடக்கை தாளம் தட்டும் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் குரலும் வந்தது. நாங்கள் கூடத்திலிருந்து அசையவில்லை.

அப்பாவைத் தாங்கிப்பிடித்தது ராகமா, தாளமா? லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்று 17 நோயாளிகளைப் பாடவைத்தும் தாளத்தோடு சொல்லவைத்தும் பார்த்தது. மெட்டைவிடத் தாளமும், பலகாலம் சொல்லிப் பழகிய சொற்களுமே பெரிதும் உதவின என்பது அவர்கள் கண்டது. திருப்புகழ் அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. அருணகிரிநாதரின் சந்தம் ஒரு சொல்லை அடுத்த சொல்லின் கையில் ஒப்படைத்துவிட்டே நகரும். எங்கள் அப்பா தேடவேண்டியிருக்கவில்லை. சந்தம் எடுத்துக் கொடுத்தது.

அதன்பின் நான்கு ஆண்டுகள் இருந்தார். 'வா', 'போதும்', அம்மாவின் பெயர் என்று சில சொற்கள் திரும்பின. அவ்வளவுதான். பாட்டு அவரைக் குணப்படுத்தியது என்று சொன்னால் அது பொய். ஆனால் பேச முயன்றபோதெல்லாம் அவர் சொல்லுக்காகக் காத்திருந்தார், நாங்கள் அவருக்காகக் காத்திருந்தோம். இரு தரப்பிலும் கூச்சம் இருந்தது. பாட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அந்தப் பத்து நிமிடங்கள் அவர் நோயாளி இல்லை, நாங்கள் பணிவிடை செய்கிறவர்களும் இல்லை. ஆறியது எங்கள் புண்ணும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் போன பின் வந்த கார்த்திகைக்கு அம்மா விளக்கேற்றிப் பாடத் தொடங்கினார். இரண்டாம் அடியில், பழக்கத்தால், ஒரு கணம் நிறுத்தினார். ஒருநாளும் சேர்ந்து பாடியிராத நாங்கள் மூவரும் எடுத்துக்கொண்டோம். சந்தம் இடறியது. அம்மா திருத்தவில்லை, தொடையில் தாளம் தட்டிக்கொண்டே எங்களைக் கடைசி அடிவரை அழைத்துப் போனார்.