யாருக்காக இந்த வேலை?



உங்கள் வீட்டில் கொம்பியூட்டர் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறதா? உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் தாத்தாவின் வீட்டில், மச்சியின் வீட்டில் நிச்சயம் இருக்கும். பண்டாரவளையில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு பிள்ளைகள், அதில் மூன்று பெண் பிள்ளைகள். நம்முடைய காலத்தில் பெண் பிள்ளை என்றால் தையல், மிஞ்சினால் டைப்பிங். இன்று நமது பிள்ளைகள் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கே போய்க் கணினி படிக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில், பஸ்ஸில் இடிபடத் தேவையில்லை, கல்யாணத்துக்குப் பிறகும் விட வேண்டியதில்லை. அல்ஹம்துலில்லாஹ், நல்ல தொழில்தான். அதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் இந்தத் தொழிலில் நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள், கம்பனி நிலைக்குமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். பிள்ளை செய்யும் வேலை கடைசியில் யாருடைய கைக்குப் போய்ச் சேர்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வந்தது. வந்ததோடு வீடே இரண்டுபட்டது.

என் இளைய மகள் படிப்பை முடித்து ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தாள். 2022இல் நாடு பட்ட கஷ்டம் யாருக்கும் மறந்திருக்காது. என் கணவரின் கடை அந்த வருடம் அரைவாசியாகச் சுருங்கியது. அப்போது வாங்கிய கடன் இன்னும் முழுதாக அடைபடவில்லை. இந்த நிலையில் கொழும்புக் கம்பனி ஒன்று அவளுக்கு வேலை தர முன்வந்தது. பெயர் இங்கே வேண்டாம். ஆரம்பச் சம்பளம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மாதத்தில் இரண்டு நாள் கொழும்புக்குப் போனால் போதும். கணவர் அன்றைக்கே கடன் கொப்பியை எடுத்து வைத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

“என்ன வேலை மகள்?” என்று கேட்டேன்.

“வானத்திலிருந்து எடுத்த படங்கள் வரும் உம்மா. வீடு, லொறி, மோட்டார் சைக்கிள், மனிதர் என்று ஒவ்வொன்றையும் சுற்றி ஆட்கள் கட்டம் போடுவார்கள். போட்ட கட்டம் சரியா பிழையா என்று பார்க்கும் புரோகிராமை நான் எழுத வேண்டும். கொம்பியூட்டருக்குப் படிப்பித்துக் கொடுப்பதற்காக.”

இதை நான் விளங்கிக்கொண்ட விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன். சின்னப் பிள்ளைக்கு, இது கோழி, இது காகம் என்று நூறு தடவை காட்டினால், நூற்றியோராவது தடவை அது தானே சொல்லும் அல்லவா? இயந்திரத்துக்கு நூறு போதாது, லட்சக்கணக்கில் காட்ட வேண்டும். காட்டிக் காட்டிப் பழக்கிய பிறகு, ஆகாயத்திலிருந்து பார்த்து இது வீடு, இது வாகனம், இது ஆள் என்று அதுவே பிரித்துச் சொல்லும். நாம் சுளகில் அரிசியையும் கல்லையும் பிரிப்பது போலத்தான்.

இதனால் பெரிய நன்மைகளும் உண்டு. பயிர் நோயை வானத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். மண்சரிவு வரக்கூடிய சரிவுகளைப் பார்க்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை ஊவாவில் இருக்கும் நாம் மறப்போமா? அப்படியொரு வேலையாக இருந்தால் துஆச் செய்து அனுப்பியிருப்பேன்.

அதனால்தான் படங்கள் யாருடையவை என்று மகளே நேர்முகத்தில் கேட்டிருக்கிறாள். வெளிநாட்டு வாடிக்கையாளர், பெயரை வெளியிட முடியாது என்றார்களாம். எதற்குப் பயன்படும் என்றதற்கு, பல தேவைகளுக்கு என்று பதில். யோசித்துச் சொல்ல ஒரு கிழமை தவணை கொடுத்தார்கள்.

அந்த ஒரு கிழமைதான் எங்கள் வீட்டில் இராணுவமும் ஆயுதமும் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

என் நானா பொல்லாத வாதக்காரர். “தியத்தலாவைக் கேம்ப் ஆட்கள் உன் வாப்பாவின் கடையில் சாமான் வாங்கவில்லையா? இராணுவக் காசு என்று திருப்பிக் கொடுத்தாரா?” என்று மகளிடம் கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ரயிலில் வந்தால் எங்களுக்கு முன்னே வரும் ஊர் தியத்தலாவை. 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் பிடித்த போயர் கைதிகள் சுமார் 5000 பேரை வெள்ளைக்காரன் கொண்டு வந்து அடைத்த இடம் அது. அன்றிலிருந்து அந்த ஊரின் பிழைப்பே முகாம்தான். இராணுவக் கல்லூரி அங்கே, விமானப்படையின் பயிற்சிப் பாடசாலை அங்கே. காய்கறிக்காரன் முதல் தையல்காரன் வரை இந்தப் பக்கத்தில் அந்தக் காசு படாத கை குறைவு. மீரியாபெத்தையில் மண்ணைத் தோண்டியதும் அதே இராணுவத்துப் பொடியன்கள்தான். பாதுகாப்புச் செலவு என்று பத்திரிகையில் நாம் வாசிப்பதில் பெரும் பங்கு அந்தப் பொடியன்களின் சம்பளமும் சாப்பாடும்தான். பதுளை, மொனராகலைக் கிராமங்களில் எத்தனையோ தாய்மார் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். சகோதர இனத்துத் தாய்மார்தான், ஆனால் அடுப்பு எல்லோருக்கும் ஒன்றுதானே.

ஆனாலும் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியுமா? 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. 2022 மார்ச்சில் கடதாசி வாங்கப் பணமில்லாமல் மேல் மாகாணத்தில் பிள்ளைகளின் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். அந்த நேரத்திலும் தரைப்படைக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்தொகை இரண்டு லட்சமாக இருந்தது. 2023 ஜனவரியில்தான் 200,783 என்ற தொகையை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்போம் என்று அரசாங்கம் அறிவித்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபா. உலகக் கணக்கு இன்னும் பெரிது. 2024இல் எல்லா நாடுகளும் சேர்ந்து இராணுவத்துக்குச் செலவழித்தது 2718 பில்லியன் டொலர் என்று சுவீடனின் ஸ்டொக்ஹோம் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இந்தக் காசில் சிப்பாயின் சோற்றுக்குப் போவது ஒரு பங்கு. வருடா வருடம் கூடிக்கொண்டு போவது இன்னொரு பங்கு. அதுதான் ஆளில்லாத ஆயுதங்கள். அவற்றுக்குச் சிப்பாயை விடப் புரோகிராம் எழுதுகிறவர்தான் தேவை. ஆகவே சகோதரிகளே, இனி அந்த வேலைவாய்ப்புத் தேடி வரப்போவது கிராமத்துப் பொடியன்களை அல்ல, நம் வீட்டில் கணினி படிக்கும் பிள்ளைகளை. சீருடை இருக்காது, துவக்கு இருக்காது. வேலையின் பெயரில்கூட ஆயுதம் என்ற சொல் இருக்காது.

ஆளில்லா விமானம் நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. இஸ்ரேலில் செய்த ஆளில்லா விமானங்களை 1996இலேயே நமது விமானப்படை வாங்கிவிட்டது. அவை குண்டு போடவில்லை, மேலே சுற்றிப் படம் எடுத்தன. வன்னி மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘வண்டு’. இரைச்சல் கேட்டால், பின்னால் கிபிர் வரும் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடுவார்களாம். வெறும் படம்தானே எடுக்கிறது என்று அங்கே யாரும் சும்மா இருக்கவில்லை.

மேலேயிருந்து பார்க்கும் படம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குக் காபூலில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஓகஸ்ட் 29ஆம் திகதி, ஸெமாரி அஹ்மதி என்ற தொண்டு நிறுவன ஊழியரின் வெள்ளைக் காரை அமெரிக்க ஆளில்லா விமானம் மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தது. காரில் ஏற்றியவை வெடிமருந்து என்று நினைத்தார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டு போனது தண்ணீர்க் கேன்கள். முற்றத்தில் கார் வந்து நின்றதும் ஏவுகணை விழுந்தது. பத்துப் பேர் மௌத்தானார்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள். செப்டெம்பர் 17ஆம் திகதி அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமே அது பிழை என்று ஒப்புக்கொண்டது. அங்கே பார்த்துத் தீர்மானித்தது இயந்திரமல்ல, மனிதர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதக் கண்ணுக்கே இந்தக் கதி. காஸாவில் இயந்திரம் 37,000 பேர் வரை சந்தேக நபர்களாகக் குறித்துக் கொடுத்தது, ஒரு பெயரைச் சரிபார்க்க அதிகாரி சில வேளைகளில் 20 செக்கன்தான் எடுத்தார் என்று 2024 ஏப்ரலில் இஸ்ரேலியப் பத்திரிகையாளர் ஒருவரே எழுதினார். இஸ்ரேலிய இராணுவம் அதை மறுத்தது.

இதையெல்லாம் இரவிலே சொல்லச் சொல்ல, நானா சிரித்தார். “நீ ஒருத்தி கட்டம் பார்க்காவிட்டால் அமெரிக்காக்காரன் கடையைப் பூட்டுவானா?” என்றார். மகள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். ஆளில்லா விமானப் படங்களில் வாகனங்களையும் மனிதர்களையும் கண்டுபிடிக்கும் வேலையை அமெரிக்க இராணுவத்துக்காகக் கூகுள் கம்பனி செய்து வந்தது. என் மகளுக்குக் கிடைத்த வேலையின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் அங்கே வேலை செய்தவர்களே ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டுத் தலைவருக்குக் கடிதம் கொடுத்தார்கள். அந்தத் தலைவர் யார்? மதுரையில் பிறந்த நம் தமிழர் சுந்தர் பிச்சை. சுமார் பன்னிரண்டு பேர் வேலையை விட்டே போனார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று கூகுள் அறிவித்தது. ஆயுதத்துக்காக இந்த அறிவைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதியும் வைத்தது.

“பிறகு?” என்றார் நானா. பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொன்னாள். 2025 பெப்ரவரியில் அந்த வாக்குறுதியைக் கூகுள் எடுத்துவிட்டது. நானாவுக்கு நல்ல சந்தோஷம்.

எனக்கு மனதில் நிற்பது இன்னொரு பெண். மொரோக்கோவைச் சேர்ந்த இப்திஹால் அபூசாத், மைக்ரோசொப்ட் கம்பனியில் புரோகிராம் எழுதியவர். முக்காடு அணிந்த பிள்ளை. 2025 ஏப்ரல் 4ஆம் திகதி கம்பனியின் 50ஆவது ஆண்டு விழாவில், மேடையில் பேசிக்கொண்டிருந்த முஸ்தபா சுலைமான் என்ற பெரிய அதிகாரிக்கு எதிரில் எழுந்து, நம் வேலை காஸாவில் எதற்குப் பயன்படுகிறது என்று குரல் எழுப்பினார். அந்த அதிகாரியும் சிரியாக்காரர் ஒருவரின் மகன் என்பது பார்க்கப்பட வேண்டியது. இப்திஹாலுக்கு வேலை போயிற்று. சபையில் சத்தம் போடுவது எனக்கு உடன்பாடில்லாத காரியம், என் பிள்ளை செய்தால் ஏசுவேன். ஆனால் அவர் சக ஊழியர்களுக்கு எழுதியதன் சாரம் நெஞ்சில் தைத்தது. மொழிபெயர்ப்பு போன்ற நல்ல காரியங்களுக்கு உதவப் போகிறேன் என்று சந்தோஷமாகச் சேர்ந்தாராம். தன் வேலை இராணுவத்துக்கு விற்கப்படும் என்று யாரும் தனக்கு அறிவிக்கவில்லை என்றார். அதே ஆண்டு செப்டெம்பரில், இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சின் பிரிவு ஒன்றுக்குக் கொடுத்த சில சேவைகளை மைக்ரோசொப்ட் நிறுத்தியது.

கடைசியாக என் கணவர் கடையில் மாட்டியிருக்கும் அப்துல் கலாமின் படத்தைக் காட்டினார். “இவரும் ஏவுகணை செய்தவர்தானே, நம்மவர் என்று பெருமைப்படவில்லையா?” உண்மைதான். 1989இல் அக்னி பறந்தது அவருடைய தலைமையில். அதே அக்னிக்குச் செய்த பாரமில்லாத பொருளைக் கொண்டு, போலியோ வந்த பிள்ளைகள் மூன்று கிலோ இரும்பை இழுத்து நடந்த இடத்தில் 300 கிராமில் காலுறுப்புச் செய்து கொடுத்தவரும் அவர்தான். ஏவுகணை செய்தது சரியா என்று அறிஞர்கள் பேசட்டும். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமாவும் அல்ல. ஆனால் கலாம் தான் எதைச் செய்கிறோம், யாருக்குச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தார். கேட்டவர்களுக்கு முகம் பார்த்துப் பதில் சொன்னார். என் மகளுக்குக் கொடுத்த வேலையில் அந்தத் தெரிதலே இல்லை. நாளைக்கு மறுமையில் அல்ல, இம்மையிலேயே யாராவது கேட்டால் அவள் என்ன சொல்வாள்? என் வாதம் அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் மகள் கம்பனிக்கு எழுதினாள். படங்கள் ஆயுதத்தோடு தொடர்புடையவை அல்ல என்று எழுத்தில் தர முடியுமா, அப்படித் தொடர்பு வந்தால் வேறு பிரிவுக்கு மாற்றுவீர்களா என்று இரண்டே கேள்வி. மரியாதையான பதில் வந்தது. வாடிக்கையாளரின் தேவைகள் குறித்து எந்த உறுதியும் தர இயலாது என்றிருந்தது. அவள் போகவில்லை. இப்போது பார்மசிகளுக்குக் கணக்கு எழுதும் புரோகிராம் செய்யும் சின்ன இடமொன்றில் ஐம்பத்தையாயிரம் சம்பளத்துக்கு இருக்கிறாள். கடன் கொப்பி இன்னும் லாச்சியில்தான். நானா வீட்டுக்கு வருகிறார், அவளோடு மட்டும் முன்போலப் பேசுவதில்லை.

கொழும்பு வேலைக்குப் பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி போனாள், மகளோடு படித்தவள். தாய் கொழுந்து பறிக்கிறார். நாள் சம்பளம் 2024இல்தான் 1350 ரூபா ஆனது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றிவிட்டாள், தம்பிக்கு டியூஷன் காசு கட்டுகிறாள்.

போன மாதம் லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தாள். வேலை எப்படி என்று விசாரித்தேன். “முதல்ல வயலும் ரோட்டும்தான் வந்துச்சி ஆன்ட்டி. இப்ப ராத்திரியில எடுத்த படம்தான் நெறைய. வீட்டுக் கூரை, ஆளுங்க, அவ்வளவுதான்” என்றாள். எந்த நாடு என்று கேட்டேன். அதைக் கேட்கக் கூடாதாம்.