கடலில் இறங்கிய விமானத்திலே...

விமானம் என்றால் தரையில் ஓடி மேலே எழும்புவது என்றுதானே நினைக்கிறோம்? தண்ணீரில் மிதந்து, தண்ணீரிலேயே ஓடி, அப்படியே ஆகாயத்தில் ஏறும் விமானங்களும் ஒரு காலத்தில் இருந்தன. பறக்கும் படகு என்று பெயர்.

1939-ல் அமெரிக்காவின் பான் அம் நிறுவனம் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பயணிகளை ஏற்றிச் சென்றது இப்படிப்பட்ட படகுகளில்தான். சாப்பாட்டுக் கூடம், படுக்கை எல்லாம் உண்டு. ஆனால் பரிமாறுகிறவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்!

நியூஸிலாந்தின் டீல் நிறுவனத்துப் படகுகளில் பெண்கள் பணிப்பெண்களாகப் பறந்தார்கள். 1951 டிசம்பரில் அந்த நிறுவனம் 'பவழப் பாதை'யைத் தொடங்கியது. ஆக்லாந்தில் புறப்பட்டு ஃபிஜி, ஸமோவா, குக் தீவுகள் வழியாக டஹீட்டி வரை. படகில் 45 பயணிகள். மேல் தட்டு, கீழ்த் தட்டு, நடுவே படிக்கட்டு. பெண்கள் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்ளத் தனி அறைகூட உண்டு.

கேட்க சுகமாக இருக்கிறது, இல்லையா? பணிப்பெண்ணின் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்றைய ஜெட் மாதிரி மேகத்துக்கு மேலே ரொம்ப உயரத்தில் போக முடியாது. தாழ்வாகத்தான் பறக்கணும். காற்று அடித்தால் படகு குலுங்கும், பயணிகளுக்கு வயிற்றைப் புரட்டும். ஒரு கையில் வாந்திப் பை, இன்னொரு கையில் குழந்தைக்குப் பால் புட்டி. நடுவிலே பீங்கான் தட்டுகளில் சூடான சாப்பாடு வேறு, படி ஏறி இறங்கிப் பரிமாறணும். முகத்தில் சிரிப்பு மட்டும் மாறக் கூடாது. நம் வீட்டு அடுப்படியே ஆடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்!

இறங்கும்போது ஜன்னலெல்லாம் தண்ணீர் வாரி அடிக்கும். முதல் தடவை வருகிறவர்கள் மூழ்கிவிட்டோம் என்றே பயப்படுவார்கள். அவர்களுக்குத் தைரியம் சொல்வதும் இவள் வேலைதான்.

இத்தனைக்கும் ஓர் ஆறுதல், ஐடுடாகி தீவு. அங்கே அகையாமி என்ற குட்டித் திட்டுக்குப் பக்கத்தில், பச்சையும் நீலமுமாகக் கிடக்கும் உப்பங்கழியில் படகு இறங்கும். எரிபொருள் நிரப்ப இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை பயணிகள் தென்னை நிழலில் உட்காரலாம், கடலில் நீந்தலாம்.

அப்படியும் இந்த வேலையில் நெடுநாள் நீடிக்க முடியாது. கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அக்காலத்து விமான நிறுவனங்களின் பொது வழக்கம். ஆண்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது. புயலில் நாற்பது பேரைச் சமாளித்தவள், தாலிக்கு ஈடான அவர்கள் ஊர் மோதிரம் விரலில் ஏறியதும் தகுதி இழந்துவிடுவாளா என்ன?

1960-ல் பவழப் பாதையில் படகுகள் நின்றன. தீவுகளில் ஓடுபாதைகள் வந்துவிட்டன. 'அரனூயி' என்ற படகு மட்டும் ஆக்லாந்தின் மோட்டாட் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் பாருங்கள். இறக்கையையும் எஞ்சினையும் பிள்ளைகள் பார்க்கட்டும். நீங்கள் அந்தப் படிக்கட்டைப் பாருங்கள். தட்டைக் கையில் ஏந்தி ஒரு பெண் அதில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பாள் என்பது நமக்குத்தான் சட்டென்று புரியும்.