புத்தக அலமாரிக்குப் பின்னால்

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற பஸ்ஸில் ஏறினால், குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் குள்ளஞ்சாவடி வரும். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டீர்களானால் ஊர் பின்னால் போய்விடும். விழித்துப் பார்க்கும்போது வடலூர் வந்திருக்கும், அல்லது நெய்வேலியின் புகைபோக்கி தெரியும். "உங்கள் ஊரில் என்ன சார் விசேஷம்?" என்று கேட்கிற வெளியூர்ச் சிநேகிதர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: செம்மண்ணும் முந்திரியும்.

முந்திரி என்றதும் பாயசத்தில் மிதக்கிற பருப்புத்தான் உங்களுக்கு நினைவு வரும். எங்களுக்கு நினைவு வருவது பழம். பங்குனி, சித்திரையில் மஞ்சளும் சிவப்புமாய்ப் பழுத்து, அடியில் கொட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு உதிரும். கொட்டைக்குத்தான் காசு. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். அது வெயிலில் கனிந்து, நுரைத்து, புளிக்கும். அந்த மாதங்களில் தோப்புக்குள் நடந்தால் ஒரு வாசனை வரும். இனிப்பும் புளிப்பும் கலந்து, தொண்டைக்குள் இறங்கித் தங்கிவிடுகிற வாசனை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோடை லீவு என்றாலே அந்த வாசனைதான்.

தோப்பு அடர்த்தியானது. கிளைகள் தரையைத் தொடுகிறாற்போல் தாழ்ந்திருக்கும். குனியாமல் உள்ளே போக முடியாது. ஒளிய வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏது? எங்கள் ஜில்லாவில் மறைந்து குடிப்பதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்து வைத்தார். 1948 காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுவதற்கும் அதை விரித்தவர் எங்கள் தென்னாற்காட்டுக்காரரான ஓமந்தூரார். ஆனால் வடக்கே கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி. அங்கே 1954 வரை பிரெஞ்சுக்காரன் கொடி. கொடி இறங்கிய பிறகும் கடை மூடவில்லை. கடலூரைத் தாண்டி முள்ளோடை, கன்னியக்கோயில் என்று இரண்டு ஊர் போய்விட்டால் சட்டம் வேறு! இந்தப் பக்கம் குற்றவாளி, அந்தப் பக்கம் வாடிக்கைக்காரர். சைக்கிளில் போய்விட்டு வருகிற தூரத்தில் ஒரு மனிதனுக்கு இரண்டு ஜன்மம்.

1971-ல் கடைகளைத் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள். அப்புறம் திறந்தார்கள். 1991-ல் மலிவு மதுக்கடைகளை மூடினார்கள். இப்படித் திறந்தும் மூடியும் வந்ததில் தோப்புக்காரர்களுக்கு மட்டும் என்றுமே லீவு இல்லை.

2001-ம் வருஷக் கடைசியில் பண்ணுருட்டிப் பக்கம் கள்ளச் சாராயம் குடித்து ஐம்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அந்தக் கூட்டத்தில் என் அக்காவின் புருஷனும் ஒருவர். உயிர் தப்பினார். கண் தப்பவில்லை. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது, பையனுக்கு மூன்று.

அது எப்படி நேர்கிறது என்பதைப் பிறகு ஒரு டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். மெதனால் என்கிற வஸ்து பார்வைக்கும் மோப்பத்துக்கும் சாராயத்துக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். தொழிற்சாலைக்கு உரியது. பேராசைக்காரன் அதை ஊறலில் கலந்துவிடுகிறான். குடித்தவனுடைய ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்புக் கடியில் இருக்கிறதே, அதே அமிலம். அது கண் நரம்பைப் பிடித்துக்கொள்கிறது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது. அதுதான் கொடுமை. பல மணி நேரம் சாதாரணமாக இருந்துவிட்டு, மறுநாள் எழுந்து பார்த்தால் எல்லாம் வெள்ளையாய், பனி மூடினாற்போல் இருக்கும். இதற்கு மாற்று மருந்துகளில் ஒன்று எது தெரியுமோ? நல்ல சாராயம்! ஈரல் நல்லதைக் கவனிக்கப் போய்விடுவதால் கெட்டது விஷமாக மாறாமல் மெல்ல வெளியேறுகிறதாம்.

"விடிஞ்சும் பனி விலகலியேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று மாமா சொல்வார். இருபத்துச் சொச்சம் வருஷமாக அந்தப் பனி விலகவில்லை.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் பெங்களூர்.

போன சித்திரையில் அல்சூர்ப் பக்கம் ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா மகன் அந்த ஊரில்தான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாக இருக்கிறான். அவன் அறையில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. புறப்படுகிற அன்று அக்கா ஒரு தூக்கில் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, வாசல் வரை வந்து, மெதுவான குரலில் சொன்னாள்: "டேய் தம்பி, அவன் குடிக்கிறானான்னு பாத்துட்டு வா. கேக்காத. பாரு."

கதை எழுதுகிறவனுக்கு ஒற்றன் வேலை புதிதல்ல. சரி என்றேன்.

பையன் எனக்குச் சிரமமே வைக்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே, "மாமா, ராத்திரி உங்கள ஒரு எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். கதைக்கு ஆகும்" என்றான்.

இந்திராநகரில் ஒரு சந்து. போர்டு இல்லாத மாடிப்படி. ஏறினால் ஒரு சின்ன அறை. எதிரே சுவர் முழுவதும் புத்தக அலமாரி. எனக்கு இயற்கையாகவே கை அங்கே போயிற்று. ஒன்றும் வரவில்லை. எல்லாம் ஒட்டவைத்த முதுகுகள். உள்ளே தாள் கிடையாது. இப்படிப்பட்ட புத்தகங்களை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன், ஆனால் அவற்றில் தாளாவது இருந்தது.

பையன் அலமாரியில் இருந்த ஒரு சிறு துவாரத்தில் வாயை வைத்து, "மல்லிகே" என்றான். அன்றைய ரகசியச் சொல் அது. மத்தியானம் டெலிபோனில் அனுப்பியிருந்தார்களாம். அலமாரி அப்படியே கதவுபோல் திறந்தது.

இந்த ஏற்பாட்டின் பூர்வீகம் அமெரிக்கா. அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. நியூயார்க்கில் கதவைத் தட்டிச் சொல் சொன்னால் உள்ளே விடுகிற கடைகள் எத்தனையோ இருந்தன. 'இருபத்தொன்று' என்று பேர்பெற்ற ஒரு விடுதியில், போலீஸ் வந்தால் ஒரு விசையைத் தட்டுவார்களாம். பாட்டில் அலமாரியே சாய்ந்து அத்தனை பாட்டிலும் சாக்கடைக்குள் போய்விடும். அங்கேயும் மெதனால் குடித்துக் கண் போனவர்கள் உண்டு, செத்தவர்கள் உண்டு. நம் பம்பாயிலும் மொரார்ஜி தேசாய் காலத்து மதுவிலக்கில் கோவாக்காரப் பெண்மணிகள் வீட்டுக் கூடத்திலேயே பெஞ்சு போட்டு வியாபாரம் நடத்தினார்கள். 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போகவேண்டும். அவையெல்லாம் பயத்தில் பிறந்த கதவுகள். சட்டம் போய்விட்ட பிறகு, கதவு மட்டும் நாகரிகமாகத் திரும்பி வந்திருக்கிறது. 1999-ன் கடைசி நாளில் நியூயார்க்கில் ஸாஷா பெட்ராஸ்கே என்பவர் பெயர்ப் பலகை இல்லாமல் ஒரு கடை திறந்தார். 2007-ல் அதே ஊரில் இன்னொன்று. அங்கே ஒரு 'ஹாட் டாக்' கடைக்குள் இருக்கிற டெலிபோன் பெட்டி வழியாக நுழையவேண்டும். 2011-ல் சிங்கப்பூரில் ஒன்று. இன்றைக்கு நம் பெங்களூரில் போலிப் புத்தகம். எங்கள் ஊரில் கடை திறந்தே இருக்கிறது, 2003 முதல் சர்க்காரே நடத்துகிறது; ஆள்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கிறான். இங்கே ஆள் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறான். கடை முகத்தை மூடிக்கொண்டிருக்கிறது.

உள்ளே இருட்டு. மெனுவைப் படிக்க டெலிபோன் வெளிச்சத்தை அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: கலக்குகிற பையனின் கைவேலை பார்க்கத் தகுந்தது. கண்ணாடிபோல் துல்லியமான ஒரு பனிக்கட்டிப் பாளத்தைக் கத்தியால் அறுத்து, தட்டித் தட்டி, கிளாஸுக்கு அளவாகச் செதுக்கினான். சாதாரணப் பனிக்கட்டி நடுவில் வெள்ளையாக இருக்குமே, இது ஏன் இல்லை என்று கேட்டேன். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் குளிர் ஏறும்படி மெதுவாக உறையவைத்தால், தண்ணீரில் இருக்கிற காற்றும் கசடும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிடுமாம். அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் ஸ்படிகம். பொற்கொல்லர் பட்டறையில் நிற்கிற மரியாதையோடு நின்று பார்த்தேன்.

மெனுவில் ஒரு பெயருக்கு நேரே பையன் விரலை வைத்தான். "இதைப் பாருங்க மாமா."

கோவாவின் ஃபெனி. முந்திரிப் பழத்தை மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து, காய்ச்சி இறக்குகிற சாராயம். முதல் காய்ச்சலுக்கு உர்ராக் என்று பெயர், மறுபடி காய்ச்சினால் ஃபெனி. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து முந்திரியைக் கொண்டுவந்து நட்டார்கள். கோவாக்காரர்கள் பழத்தையும் வீணாக்கவில்லை. 2009-ல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். அதோடு கோகம் புளி, கல்லுப்பு, கருவேப்பிலை சேர்த்து ஒரு கிளாஸ். விலை எண்ணூற்றைம்பது ரூபாய், வரி தனி. எங்கள் ஊர்த் தோப்பில் எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு எத்தனை கூடை பழத்தைக் காலால் தள்ளிவிட்டு நடந்திருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

நான் குடிக்கிறவன் அல்ல. அதில் பெருமை ஒன்றுமில்லை, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். வேறெதுவும் வேண்டாம், சித்திரை மாதத் தோப்பு அப்படியே எழுந்து வந்தது.

"நம்ம கொல்ல வாசன, இல்ல மாமா?" என்றான் பையன்.

"ஆமாம்ப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே சொன்னான்: "அம்மா பாத்துட்டு வரச் சொன்னாங்கதானே? குடிப்பேன் மாமா. மாசத்துக்கு ரெண்டு தடவ. இந்த மாதிரி எடத்துலதான். பாட்டில் சீல கண்ணு முன்னாடி ஒடைச்சு ஊத்தச் சொல்லுவேன். பசங்க சிரிப்பானுங்க."

வாஸ்தவம்; சற்றுமுன் அவன் கலக்குகிற ஆளிடம் ஏதோ சொன்னதையும், அவர் புதுப் பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டித் திருகினதையும் பார்த்திருந்தேன். கடையின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பறம், காலையில எந்திரிச்சதும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "சொன்னா நீங்க கதையில எழுதிடுவீங்க."

"கதையில் எழுதமாட்டேன்" என்றேன். இது கட்டுரை.

"எதுத்த வீட்டு மொட்டைமாடியில தண்ணித் தொட்டி இருக்கு. அதுல கம்பெனி பேரு எழுதியிருக்கும். குடிச்ச மறுநாள் காலையில ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு அதைப் படிப்பேன். அப்பறம் இன்னொரு கண்ணு. ரெண்டும் படிச்ச பின்னாடிதான் பல் தேய்ப்பேன்."

பக்கத்து மேஜையில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் போலிருக்கிறது, எல்லாரும் கைதட்டினார்கள். பையனும் கைதட்டினான். சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தேன். நல்ல பிள்ளைகள், நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள், ஒளிந்துகொண்டு விளையாடுகிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் போனார்களே, அவர்கள் விஷச் சாராயத்துக்குக் கொடுத்தது இந்தக் கிளாஸில் மிதக்கிற ஒரு கருவேப்பிலையின் விலைகூட இருக்காது. அதற்கு முந்தின வருஷம் மரக்காணத்துக் குப்பத்தில் செத்தவர்களும் அப்படியே. அவர்களுடைய பாட்டிலில் உடைக்க சீல் இருந்ததில்லை.

ஊருக்குத் திரும்பி அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தத்திலேயே கண்டுகொண்டு, "வாங்க மச்சான், பெங்களூரு எப்பிடி?" என்றார். அக்கா காப்பி போட உள்ளே போயிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தி, போலிப் புத்தகம், துவாரம், 'மல்லிகே' எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்களுக்கும் இருந்துச்சி மச்சான்! தோப்பு முனையில ஒருத்தன் நிப்பான். 'வெள்ளாடு இந்தப் பக்கம் வந்துச்சா'ன்னு கேக்கணும். 'ரெண்டு வந்துச்சி'ன்னா உள்ள போவலாம். 'காணோம்'னு சொன்னா போலீசு." சிரிப்பு அடங்கியதும், "உள்ள நல்லா வெளிச்சமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருட்டுத்தான், மாமா."

"அங்கியுமா?" என்றார்.

அக்கா காப்பியோடு வந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்கிறான், அக்கா" என்றேன். "ஜாக்கிரதையாத்தான் குடிக்கிறான்."

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து திண்ணைச் சிமெண்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன ஜாக்கிரதை?" என்றாள் அக்கா.

நான் சீலைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. மாமா அங்கே இருந்தார். இந்தக் கட்டுரை பத்திரிகையில் வந்தால் அக்கா படிப்பாள்; வழக்கம்போல் உரக்கப் படித்து அவருக்கும் சொல்வாள். அந்த இடம் வரும்போது என்ன செய்யப்போகிறாள் என்று தெரியவில்லை.