படம் பரவியது, எச்சரிக்கை தங்கியது

மலையிலிருந்து இறங்கும் நீர் மீண்டும் மேலே ஏறுவதில்லை. கணிப்பொறிக்கான மென்பொருளை உருவாக்கும் முறைகளுள் ஒன்று ‘நீர்வீழ்ச்சி முறை’ எனப் பெயர் பெற்றதும் இக்காரணம் பற்றியே. முதலில் தேவைகளை எழுதி முடிக்க வேண்டும். பின்னர் ஆய்வு, அதன்பின் வடிவமைப்பு, அதன்பின் நிரல் எழுதுதல், இறுதியில் சோதனை. ஒரு படி முடிந்து கையெழுத்தும் ஆகிவிட்டால் அதற்குத் திரும்புதல் அரிது.

இத்தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குக் கற்பிக்கப்பட்டது இந்தப் படிக்கட்டுப் படந்தான். இதனை வகுத்தவர் வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் என்றும் சொன்னார்கள். 1970ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையைப் பின்னாளில் தேடிப் படித்தபோது வியப்பே மேலிட்டது.

விண்கலப் பயணங்களுக்கான மென்பொருள் பணியில் ஒன்பது ஆண்டுகள் பழகியவர் அவர். ஏழு கட்டங்களை மேலிருந்து கீழாக அடுக்கி அவர் படம் வரைந்தது உண்மையே. ஆயின், அக்கருத்தில் தமக்கு நம்பிக்கை உண்டெனினும் அதனை அப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அங்கேயே எச்சரித்துவிட்டார். காரணமும் காட்டினார். ஏட்டில் கணித்தவையெல்லாம் மெய்யான இயக்கத்தை முதன்முதலாகச் சந்திப்பது சோதனையின்போதுதான். அதுவோ கடைசியில் வருகிறது. அங்கே பெருங்குறை தோன்றினால் வடிவமைப்புக்கே, ஏன், தேவைகளுக்கே திரும்ப நேரும். காலமும் செலவும் இரு மடங்காகவும் கூடும்.

பரிகாரமும் அவரே கூறினார். முதலில் சிறு அளவில் ஒரு முன்னோட்டம் செய்து பார்த்து, இரண்டாவதாக உருவாவதையே வாடிக்கையாளரிடம் கொடுங்கள். இறுதி ஒப்படைப்புக்கு முன்பே அவரையும் பணியில் ஈடுபடுத்துங்கள் என்றார்.

‘நீர்வீழ்ச்சி’ என்னும் சொல் அக்கட்டுரையில் இல்லை. 1976இல் பெல், தாயர் என்னும் இருவர் எழுதிய கட்டுரையில் அது இடம்பெற்றது. 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட 2167 என்னும் எண்ணுடைய தரநிலை, படிப்படியாக இறங்கும் இம்முறையை வற்புறுத்துவதாகவே பலராலும் கொள்ளப்பட்டது. 1994இல் அத்துறையே வேறொரு தரநிலையை அதனிடத்தில் வைத்தது. ராய்ஸ் 1995இல் மறைந்தார். எச்சரித்தவரையே அம்முறையின் தந்தை என்று சொல்லும் வழக்கம் மட்டும் மறையவில்லை.

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. ஒரு மருந்துக் கிடங்கிற்கான மென்பொருள் உருவானபோது நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். தேவைகள் அடங்கிய ஏட்டில் மேலதிகாரிகள் கையெழுத்திட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கிடங்கின் கணக்கர் அன்றுதான் திரையை முதன்முதலாகக் கண்டார். ஒரே மருந்து இரு வேறு காலாவதித் தேதிகளுடன் வந்தால் எங்கே பதிவது என்று அமைதியாகக் கேட்டார். அதற்கு இடமே இல்லை. தொடக்கத்தில் அவரைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் தீர்ந்திருக்கும் செய்தி அது. மாதக்கணக்கான உழைப்பு மீண்டும் செய்யப்பட்டது; தாமதத்தின் பழியோ, குறையைக் கண்டு சொன்ன சோதனைப் பிரிவின் மீது விழுந்தது. அருவியின் அடியில் நிற்பவன் மீதுதானே நீரின் பாரம் முழுவதும் இறங்குகிறது!

திட்டமிடுதல் வேண்டாம் என்று எவரும் சொல்லார்; ராய்ஸும் சொல்லவில்லை. தாளில் இட்ட கையெழுத்து, நாளும் அவ்வேலையைச் செய்பவரின் அறிவுக்கு ஈடாகாது என்பதே செய்தி. அவரது படம் எளிது. ஒரு நொடியில் மனத்தில் பதியும். எச்சரிக்கையை அறியப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டதற்கு விலை கொடுத்தவர்கள், அப்படத்தைக் கண்டே இராத எளிய பணியாளர்கள்.