மொய் நோட்டும் பேசும்... வரி நோட்டீஸ் வந்தால் கைகொடுக்கும் உதவியாளர்!

வருமான வரி நோட்டீஸ் வந்தால் எல்லோரும் தேடுவது ஆடிட்டரை. ஆனால், பாதி வேலை நடப்பது அவர் அறைக்கு வெளியே, உதவியாளரின் மேஜையில்தான்.

ஒரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு 2025 ஜூனில் 143(2) நோட்டீஸ் வந்தது. 2023-24 நிதியாண்டில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 12 லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. ஓராண்டில் 10 லட்சத்தைத் தொட்டாலே வங்கி அதை வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பணத்துக்கு அந்த ஆண்டு 60 சதவிகித வரி. சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் 78 சதவிகிதம்.

"ஜெயில்ல போட்டுருவாங்களாம்மா?"

"கணக்குதான் கேக்குறாங்க அண்ணாச்சி, குடுத்துடலாம்" என்ற உதவியாளர், நோட்டீஸில் இருந்த டின் நம்பரை இ-ஃபைலிங் தளத்தில் போட்டு, அது போலி இல்லை என்று உறுதி செய்தார். பதில் தரவேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டார். பிறகு பாஸ்புக்கில் ரொக்கம் கட்டிய ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: "இது என்ன பணம்?"

அண்ணாச்சிக்கு எல்லாம் மனக்கணக்கு. அதிகாரிக்கு வேண்டியது காகிதம்.

மகள் கல்யாணத்துக்காக எடுத்த 5 லட்சம், தேதி தள்ளிப்போனதால் திரும்பக் கட்டியது. எடுத்த தேதி அதே பாஸ்புக்கில் இருந்தது. 6 லட்சம் கடை விற்பனை. தினசரிக் கணக்கு நோட்டும் ஜி.எஸ்.டி ரிட்டர்னும் ஒத்துப்போயின. மீதி ஒரு லட்சம், புது வீடு பால் காய்ச்சியபோது வந்த மொய்.

"அதுக்கும் ஒரு பில் போட்டுச் சரிக்கட்டிடலாமா?"

"வேணாம் அண்ணாச்சி. இல்லாத பில்லைப் போட்டா, இருக்குற கணக்கையும் நம்ப மாட்டாங்க. மொய் நோட்டைக் கொண்டாங்க."

உறவினர் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. மற்றவர்கள் தந்தது ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி உண்டு. யார் உறவினர் என்பதற்குச் சட்டத்தில் பட்டியலே இருக்கிறது. சித்தப்பா உண்டு, சித்தப்பா மகன் கிடையாது! உதவியாளர் பெயர்களைப் பிரித்து எழுதினாரே தவிர, வரி உண்டா இல்லையா என்று தீர்ப்பு சொல்லவில்லை. அது ஆடிட்டரின் வேலை. மற்றவர்கள் எழுதியது 64,000 ரூபாய். அதை வருமானமாக ஒப்புக்கொண்டு ஆடிட்டர் பதில் தயாரித்தார். அதற்குச் சாதாரண விகிதத்தில்தான் வரி.

நோட்டீஸ் வந்தால் பாஸ்புக், கணக்கு நோட்டு, மொய் நோட்டு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். உதவியாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தேதிக்குள் முடியாது என்றால், கெடு முடிவதற்குள் அவகாசம் கேட்கலாம். பேசாமல் இருந்துவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் வரலாம்.